ஆவணி கடைசி ஞாயிற்றின் கொத்துக்கறி

இது நடந்தது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொண்டதுதான். சொக்கம்மாள் சொல்லும்போது அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். தமிழ்ச்செல்வி சொல்லும்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல. நானும் கேட்ட நேரத்தில் ஒன்றும் கேட்காத நேரத்தில் ஒன்றுமாக மனத்துக்குள் மாற்றி அடுக்கியிருப்பேன். ஆனால் மறுநாள் புரட்டாசி பிறந்தது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. அதனால் ஆவணி கடைசி ஞாயிறு என்றே வைத்துக்கொள்கிறேன். மழையையும் வெயிலையும் விட்டுவிடலாம்.

உத்திரமேரூரிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில், ஏரிக்கரை முடிகிற இடத்தில் இறங்கினால் ராஜாராமின் ஊர். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு மாடு. அவருடைய மனைவி தமிழ்ச்செல்வி பஹ்ரைனில் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குப் பல வருஷம் சமைத்துப் போட்டவள். மகள் பூஜாவின் படிப்புக்காகப் போனாள். பூஜா படித்து முடித்தாள், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமும் ஆயிற்று. தமிழ்ச்செல்வி மட்டும் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று அங்கேயே இருந்துவிட்டாள். அவள் இல்லாத காலமெல்லாம் ராஜாராமுக்குச் சோறு போட்டது அவருடைய அக்கா சொக்கம்மாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள்.

ராஜாராமுக்கு வாய்க்குள் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்று போனில் கேட்ட மாதமே தமிழ்ச்செல்வி வேலையை விட்டுவிட்டு வந்தாள். புகையிலை செய்த வேலை. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் செய்து, கீழ்த்தாடையில் இடதுபக்க எலும்பையும் பற்களையும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சி குடித்தால் இடதுபக்கம் வழிந்தது. அதற்குப் பிறகு அவர் யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். வாய்க்குள் போனதைவிட மீந்ததுதான் தட்டில் அதிகம் இருக்கும்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஸ்ரீரஞ்சனி எடை மெஷினைப் பார்த்துவிட்டு, ராஜாராமை வெளியே உட்காரச் சொன்னாள்.

"அம்மா, அடுத்த தடவை வரும்போது இதுக்கும் கீழ இறங்கியிருந்தா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல."

"கஞ்சி குடிக்கிறாருங்க."

"கஞ்சி போதாதும்மா. முட்டை, மீன், கறி, ஏதாவது உள்ள போகணும். காரம் கூடாது. அதைவிட முக்கியம், வறண்டதா இருக்கக் கூடாது. அவருக்கு எச்சில் ஊறாது. கரண்ட் வெச்சதுல அந்தச் சுரப்பியெல்லாம் போச்சு. நமக்கு மெத்துனு இருக்கறது அவர் வாயில மணல் மாதிரி நிக்கும்."

வெளியே உட்கார்ந்திருந்தவருக்குக் கதவு வழியாகக் கேட்டிருக்கிறது. பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூக்குல டூப்பு வெச்சாங்கன்னா நான் வூட்டுக்கு வர மாட்டேன். எங்கியாவது பூட்றேன். தேடாத."

அவர் சொன்னால் செய்கிற ஆள்.

வீட்டுக்கு வந்ததும் சொக்கம்மாள் கேட்டாள், "இன்னா சொன்னாங்க?"

"காரம் கூடாதாம் அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். மறைக்க வேண்டும் என்றில்லை. அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டார்களே தவிர, பேச்சை இன்னும் பகிர்ந்துகொள்ளப் பழகவில்லை. ஒருத்தி அரிசி களைந்தால் மற்றவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். சொக்கம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அத்தனை வருஷம் தன் கையால் தின்றவன், பெண்டாட்டி வந்ததிலிருந்து தான் ஊற்றிய குழம்பைத் தொடுவதில்லை. கருவாட்டுக் குழம்பைக்கூடத் தள்ளி வைத்தான். கசந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

தமிழ்ச்செல்விக்கு அந்த நினைப்பு வந்தது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுதான். பஹ்ரைன் வீட்டில் மேடத்தின் அப்பா ஒருவர் இருந்தார். சக்கர நாற்காலி, பல் கிடையாது. அவருக்காக வாரம் தவறாமல் மீட்லோஃப் செய்வார்கள். கொத்துக்கறியில் பாலில் ஊறின ரொட்டியைப் பிசைந்து, செங்கல் மாதிரி பிடித்து, வேகவைத்து, துண்டு போட்டு, மேலே சாறு ஊற்றிக் கொடுப்பது. அந்தக் கிழவர் அதைப் பல் இல்லாத ஈறாலேயே நசுக்கித் தின்பார். காரம் கிடையாது. வறட்சி கிடையாது.

ஆனால் தமிழ்ச்செல்வி அதை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. மூன்று தட்டுகளில் கறி வரும். மாடு ஒன்று, பன்றி ஒன்று, இளங்கன்று ஒன்று. மாடு ருசிக்கு, பன்றி நெய்ப்புக்கு, கன்று மெதுவுக்கு என்று மேடம் சொல்லிக் கொடுத்தாள். தமிழ்ச்செல்வி மூன்றையும் தொட்டிருக்கிறாள், பிசைந்திருக்கிறாள், தின்றதில்லை. நாக்கில் வைத்துப் பார்க்காமலே அத்தனை வருஷமும் உப்பு சரியாகப் போட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைக்குத் தெரிந்ததுதான். பிசைந்த கறியை உள்ளங்கையில் தட்டி, கையைக் கவிழ்த்தால், அது ஒரு மூச்சு நேரம் கையோடு ஒட்டியிருந்து அப்புறம்தான் விழ வேண்டும். உடனே விழுந்தால் நெய்ப்பு போதாது. விழாமலே இருந்தால் அரைபட்டுப்போயிற்று.

இங்கே மூன்று கறிக்கு எங்கே போவது? அந்த வீட்டில் மாட்டுக்கறியும் ஆகாது, பன்றிக்கறியும் ஆகாது. ருசிக்கு ஆடு. மெதுவுக்குக் கோழித்தொடை. இந்த இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. நெய்ப்புக்கு எது என்பதில்தான் நின்றாள்.

முதல் தடவை பஜாரிலிருந்து ஆட்டுக்கறியும் கோழியும் வாங்கிவந்து மிக்ஸியில் போட்டாள். சட்னி மாதிரி ஆகிவிட்டது. வெந்ததும் ரப்பர். ராஜாராம் ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தாள். பிறகு அதைக் கையில் துப்பி, சாணக்குழியில் போட்டு, காலால் மூடினார்.

தட்டை எடுக்கப் போனபோது, "நல்லாத்தான் கீது. அப்பாலிக்கா துன்றேன்" என்றார்.

துப்பியதைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அடுத்து வந்தது ஆவணியின் கடைசி ஞாயிறு. மறுநாள் புரட்டாசி. அந்தத் தெருவில் புரட்டாசி முழுக்க யார் வீட்டிலும் கறி சமைக்க மாட்டார்கள். ராஜாராம் பிறந்ததிலிருந்து புரட்டாசியில் கறி தொட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளோ புரட்டாசிக்குள்ளேயே வந்தது. ஆக, இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

காலையிலேயே ஏரிக்கரை வேப்பமரத்தடியில் எல்லப்பன் ஆடு அறுத்திருந்தான். ஊரே நின்றது. அங்கே கடைபோலக் கேட்டு வாங்க முடியாது. கூறு போடுவார்கள். பனையோலைப் பாயில் கறி, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, ஒரே மாதிரிக் குவியல்கள். குவியல்களுக்கு முதுகைக் காட்டி ஒரு ஆள் உட்காருவான். எல்லப்பன் ஒரு குவியலைத் தொட்டு "இது?" என்பான். முதுகு காட்டியவன் ஒரு வீட்டுப் பேரைச் சொல்வான். அந்தக் குவியல் அந்த வீட்டுக்கு. தலையும் காலும் அறுத்தவனுக்கு.

"எல்லப்பா, எனக்கு முன்னங்கால் கறி மட்டும் குடேன். கூட கொஞ்சம் கொளுப்பு" என்றாள் தமிழ்ச்செல்வி.

எல்லப்பன் கத்தியை நிறுத்தினான். "யம்மா, உனக்கு முன்னங்கால குடுத்துட்டு ஊருக்கு நான் இன்னாத்த குடுப்பேன்? ஆட்டுக்கு ஆறு காலா கீது?"

சிரிப்பு. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வேதகிரி திரும்பாமலே சொன்னான், "நாளைக்குப் புரட்டாசி. அவனவன் வாலு கெடச்சாலே போதும்னு நிக்கறான். பஹ்ரைன்காரம்மா காலு கேக்குது."

"அவங்க வூட்டுக்காரரு உடம்புக்காகக் கேக்குது, நீ பேசாம பேரச் சொல்றா" என்று கூட்டத்தில் யாரோ அதட்டினார்கள்.

"இது?"

"தினகரன் வூடு."

"இது?"

"ராஜாராம் வூடு."

விழுந்த கூறு மோசமில்லை. முன்னங்கால் இல்லை, ஆனால் கழுத்துக்கறியும், விரல் மொத்தத்துக்குக் கொழுப்பும் இருந்தன. தமிழ்ச்செல்வி அதை வாங்கிக்கொண்டு, கோழிக்கடையில் தொடையைத் தோலோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கறியை முதலிலேயே மஞ்சள் போட்டுக் கழுவித் துடைத்தாள். கட்டையை வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கத்தியோடு உட்கார்ந்தாள். மிக்ஸி பக்கமே போகவில்லை. டக் டக் என்று அந்தச் சத்தம் மாட்டுக்கொட்டகைவரை கேட்டது. கறியைக் கொத்தி ஒரு பேசினில் போட்டாள். கொழுப்பைத் தனியாகப் பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்தாள். எல்லாம் ஆன பிறகுதான் ரொட்டி இல்லாதது ஞாபகம் வந்தது. இரண்டையும் பிரிட்ஜில் மூடி வைத்துவிட்டு உத்திரமேரூர் பஜாருக்கு பஸ் ஏறினாள்.

ரொட்டியோடு திரும்பி வந்தபோது கொல்லைப்பக்கக் குழாயடியில் சொக்கம்மாள் குந்தியிருந்தாள். முன்னால் அரிசி களைகிற வடிதட்டு. அதில் கொத்தின கறி. மஞ்சள் தண்ணீர் ஓடி வாழையடிக்குப் போய்க்கொண்டிருந்தது. சொக்கம்மாள் ஒரு பிடி எடுத்து, துணி பிழிகிற மாதிரி அழுத்திப் பிழிந்து, பக்கத்திலிருந்த தட்டில் வைத்தாள்.

"வந்துட்டியா? நாலு தண்ணி அலசிட்டேன். ரத்தவாடையே இல்ல பாரு" என்றாள். முகத்தில் ஒரு வேலையை நன்றாக முடித்த நிறைவு. "அந்தக் கொளுப்ப தூக்கி நாய்க்குப் போட்டுட்டேன். அவனுக்குச் சளி கட்டும்."

தமிழ்ச்செல்வி ரொட்டியைத் தரையில் வைத்தாள். குந்தி, தட்டிலிருந்து கொஞ்சம் கறி எடுத்தாள். வெளுத்துப்போயிருந்தது. உள்ளங்கையில் தட்டிக் கவிழ்த்தாள். கவிழ்ப்பதற்குள் உதிர்ந்து விழுந்தது.

கையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு துணுக்குகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொக்கம்மாள் எட்டி அதை இறுக்கி மூடினாள். பிறகும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். ஒரு சண்டை வந்திருக்கலாம். வர வேண்டிய இடம்தான் அது. சண்டை போட்டிருந்தால் அந்தக் கறி அப்படியே குப்பைக்குப் போயிருக்கும்.

"இன்னாடி, தப்பு பண்ணிட்டனா?" என்றாள் சொக்கம்மாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"தப்பு இல்ல அண்ணி. கறின்னா நாம அலசத்தான் அலசுவோம்."

"அப்புறம் ஏன் இப்பிடிக் குந்திக்கினு கீற?"

"அவருக்கு வாயில எச்சில் ஊறாது அண்ணி."

சொக்கம்மாளுக்குப் புரியவில்லை. "எச்சில் ஊறாதுன்னா?"

"கரண்ட் வெச்சதுல போயிடுச்சாம். இனிமே வருமோ வராதோ. எது வெச்சாலும் மண்ணு மாதிரிதான் நிக்குமாம். அதனாலதான் கொளுப்பு வெச்சிருந்தேன். வேவும்போது அது உருகி உள்ளாற ஈரமா நிக்கும். அது இல்லன்னா இது வெறும் உமி. எடை இன்னும் எறங்கினா மூக்குல டூப்பு போட்டுருவாங்களாம். டூப்பு போட்டா வூட்டுக்கே வர மாட்டேன்றாரு."

சொக்கம்மாளின் கை வடிதட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றது.

"அப்ப கருவாட்டுக் கொளம்ப தள்ளி வெச்சானே..."

"எரிஞ்சிருக்கும் அண்ணி. முழுங்கவும் முடிஞ்சிருக்காது."

"எங்கிட்ட சொல்லலையே அவன்."

"எங்கிட்டயும் சொல்லல. டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். நான் வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

சொக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நீ வந்துட்ட, இனிமே அவனுக்கு என் கை சோறு புடிக்கலன்னு நெனச்சிக்கினு கீறேன். இத்தினி நாளா." அவள் எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. "கொளுப்புதான வேணும்? ஊர்ல எத்தினி கூறு போச்சு இன்னிக்கு? நீ அதுல கீற தண்ணிய எடு. நான் வரேன்."

"எங்க அண்ணி?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

தமிழ்ச்செல்வி ராஜாராமின் பழைய வேட்டி ஒன்றைத் துணிக்கொடியிலிருந்து எடுத்து, கறியை அதில் மூட்டை கட்டி, அம்மிக்கல்லை மேலே தூக்கி வைத்தாள். தண்ணீர் வழிந்தது. கழுத்தெலும்பை அடுப்பில் ஏற்றினாள், மிளகாய் இல்லாமல், வெங்காயமும் தக்காளியும் போட்டு, சாறுக்காக. இதெல்லாம் நடந்தாலும் கறி கூடிவரும் என்ற நம்பிக்கை அவளுக்கு அப்போது இல்லை. கை வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சொக்கம்மாள் திரும்பி வந்தபோது சொம்பு நிறைய இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, உட்காராமலே சொன்னாள்.

"தினகரன் வூட்ல அள்ளிக் குடுத்தாங்க. அவனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிக்கீறாங்களாமே, அவன் பொண்டாட்டி கொளுப்ப எறியறதுக்குத்தான் கைல வெச்சிக்கினு நின்னா. பாண்டுரங்கன் வூட்ல கொயம்புல போட்டுட்டாங்களாம், கரண்டியால எடுத்துத் தரட்டுமான்னு கேட்டா அந்தப் பொண்ணு. வோணாம் தாயின்னுட்டேன். வேதகிரி கேக்கறான், இன்னா சொக்கம்மா, உனுக்கு இருக்கற கொளுப்பு பத்தலையான்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பத்தலடா, உன்னுதையும் குடுன்னேன். குடுத்துட்டான்." சொம்புக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். "இது எல்லப்பன் வூட்டுது. பிரிச்சிப் பாரு."

ஆட்டு மூளை. வெள்ளையாக, முழுசாக.

"தலைய வாட்டிக்கினு இருந்தான். மூளைய ஒடச்சிக் குடுடான்னேன். 'யம்மோ, தலக்கறியில அத யாரு துன்றதுன்னுதான் எனக்கும் என் பொண்டாட்டிக்கும் சண்டையே, அதப் போயி கேக்கறியே'ன்னான். ராஜாராமுக்குன்னு சொன்னேன். பேசாம ஒடச்சிக் குடுத்துட்டான். ராஜாக்குப் பல்லு வுழுந்து மொளைக்கறப்ப இதத்தான் துன்னுவான். மெல்லவே தேவையில்ல. சேத்துக்கலாமா இதுல?"

தமிழ்ச்செல்வி அந்த இலையைக் கையில் வைத்தபடி கொஞ்சநேரம் யோசித்தாள். மேடத்தின் சமையலறையில் யாரும் இப்படி ஒன்றைச் சேர்த்ததில்லை. பன்றிக்கு பதில் இது என்று அவளாகச் சொல்லிக்கொண்டாள்.

"சேத்துக்கலாம் அண்ணி."

பிழிந்து உலர்ந்த கறியில் கொழுப்பைப் பொடியாக நறுக்கிப் போட்டார்கள். மூளையை நரம்பு நீக்கி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு மசித்துச் சேர்த்தார்கள். பால் விட்டால் கறி மறுபடியும் நீர்த்துப்போகும் என்று ரொட்டியைக் கொஞ்சமாகத்தான் நனைத்தாள். ஒரு முட்டை. மிளகு துளி, புண்ணுக்கு எரியாத அளவு உப்பு. தமிழ்ச்செல்வி பிசைந்தாள். உள்ளங்கையில் தட்டிக் கவிழ்த்தாள். உடனே விழுந்தது. இன்னும் கொஞ்சம் கொழுப்பு. மறுபடி கவிழ்த்தாள். ஒட்டி நின்று, பிறகு விழுந்தது.

"இன்னா பண்ற, கைய கைய திருப்பிக்கினு?"

"இப்பிடித்தான் அண்ணி பாக்கணும். உங்க கைல பாருங்க."

சொக்கம்மாள் வாங்கிக் கவிழ்த்தாள். விழுவதற்குள் சிரித்துவிட்டாள். "ஆமா, புடிச்சிக்கினுதான் கீது."

தோசைக்கல்லில் காசு அகலத்துக்கு ஒரு வில்லை தட்டிப் போட்டார்கள், உப்பு பார்க்க. இரண்டாகப் பிட்டு ஆளுக்கொன்று. தமிழ்ச்செல்வி அதை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அத்தனை வருஷம் பிசைந்த ஒன்று எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அவள் நாக்கு கண்டது. பல் படுவதற்கு முன்பே கரைந்தது.

"உப்பே இல்ல. காரமும் இல்ல" என்றாள் சொக்கம்மாள். பிறகு, "ஆனா உள்ள போயிடுச்சி. எப்ப போச்சின்னே தெரியல" என்றாள்.

கேக் சுடுகிற ஓவன் அந்த வீட்டில் கிடையாது. எவர்சில்வர் டிபன் டப்பாவில் நெய் தடவி, கறியை அழுத்தாமல் நிரப்பி, இட்லி குண்டானில் தண்ணீர் வைத்து ஆவியில் வேகவைத்தார்கள். வெந்ததைக் கவிழ்த்தபோது செங்கல் மாதிரியே வந்தது. சொக்கம்மாள் "கறி இட்லி" என்று பேர் வைத்தாள். துண்டு போட்டு, எலும்புச்சாறு ஊற்றினார்கள்.

ராஜாராம் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தமிழ்ச்செல்வி தட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்றைக்கு உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்து, அவருக்கு வலதுபக்கம், அவரைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சொக்கம்மாளும் தன் தட்டோடு வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் உட்கார்ந்தாள். அவளும் சுவரைத்தான் பார்த்தாள்.

"இன்னா இது? ரெண்டு பேரும் மாடு மாதிரி வந்து வரிசையா நிக்கறீங்க" என்றார் ராஜாராம்.

"நாங்களும் துன்ன வேணாமா?" என்றாள் சொக்கம்மாள். "உன்ன யாரு பாக்கறா இங்க? செவத்தத்தான் பாத்துக்கினு கீறோம்."

பின்னால் மாடு காதை அடித்துக்கொண்டது. மூன்று பேர் முன்னாலும் சாணி மெழுகின சுவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தமிழ்ச்செல்வி தன் தட்டைத் தொடவில்லை. காதைத்தான் அவர் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி தட்டில் படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லாத நேரம். அது நீண்டது. இருமல் வரப்போகிறது என்று அவள் விரல்களை இறுக்கிக்கொண்டாள். வரவில்லை. மறுபடியும் கரண்டி தட்டில் பட்டது. மறுபடியும்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "இது ஆடா, கோழியாடி?"

"ரெண்டும்தான்."

"இன்னும் இன்னாவோ கீது."

"மூளை. உங்கக்கா போயி வாங்கியாந்தாங்க."

"அதான பாத்தேன்." கொஞ்சநேரம் கழித்துத் தட்டு அவள் பக்கம் நகர்ந்து வந்தது. "இன்னொரு துண்டு போடு."

அவள் தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து அதில் வைத்தாள். இடதுபக்கம் அவருக்கு வழிந்திருக்க வேண்டும். சொக்கம்மாள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே முந்தானையை நீட்டினாள். அவர் அதை வாங்கித் துடைத்துக்கொண்டார். தம்பிக்கு வாய் துடைத்த பழக்கம் அவளுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

தின்று முடித்துக் கையை உதறிக்கொண்டு அவர் சொன்னார், "மீந்தத அக்கம்பக்கத்துல குடுத்துடுங்க. காலையில புரட்டாசி."

தமிழ்ச்செல்வி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இன்றைக்கு இரண்டு துண்டு. அதற்கு மேல் மாதம் முழுக்கக் கஞ்சி. பிறகு எடை மெஷின். அவள் வாயைத் திறப்பதற்குள் சொக்கம்மாள் பேசினாள்.

"குடுக்கத் தேவையில்ல. நாளைக்கும் நீதான் துன்ற."

"யக்கா, புரட்டாசின்றேன்."

"எனக்குந்தான் தெரியும் புரட்டாசி. உனக்கு பதிலா நான் வுடறேன். நீ துன்னு. நான் ஐப்பசியிலயும் துன்னல, கார்த்தியிலயும் துன்னல. தை பொறக்கற வரைக்கும் தொட மாட்டேன். காலையில பெருமாள் கோயிலுக்குப் போயி நானே சொல்லிட்டு வரேன்."

"இன்னான்னு சொல்லுவ? என் தம்பி கறி துன்றான், கணக்க எம்பேர்ல வெச்சிக்கோன்னா?"

"ஆமா, அப்பிடித்தான் சொல்லுவேன். அவருக்கு உன்னாட்டம் குதர்க்கம் பேசத் தெரியாது. கேட்டுக்குவாரு."

இந்த வீட்டில் விரதத்துக்கு எல்லாரையும்விடக் கண்டிப்பானவள் சொக்கம்மாள். புரட்டாசியில் முட்டை ஓடு விழுந்த குப்பையைக்கூடத் தாண்ட மாட்டாள். அவள் இதைச் சொல்லும்போது அவள் குரலில் தியாகம் செய்கிற தோரணை எதுவும் இல்லை. மாட்டுக்கு வைக்கோலை நான் போடுகிறேன், நீ போய்ப் படு என்கிற மாதிரிதான் சொன்னாள்.

மூன்று பேரும் அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"வூட்டு அடுப்புல வெக்காதீங்க" என்றார் ராஜாராம் கடைசியில். "வெளிய தனியா கல்லு கூட்டி வெச்சிப் பண்ணுங்க."

அந்தப் புரட்டாசியில் கொல்லையில் மூன்று கல் கூட்டி, தனிப் பாத்திரத்தில் கறி வெந்தது. கூறு கிடையாத மாதம் என்பதால் தமிழ்ச்செல்வி பஜாருக்குப் போய்த்தான் வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரியில் ராஜாராமின் எடை ஏறியிருக்கவில்லை, இறங்கியிருக்கவும் இல்லை. டாக்டர் ஸ்ரீரஞ்சனி டியூப் போடவில்லை. அதற்குப் பிறகும் போட வேண்டி வரவில்லை. அவள் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ராஜாராம் உயிரோடு இருக்கிறார். வாய் முன்பைவிடக் கொஞ்சம் திறக்கிறது. எச்சில் வரவில்லை. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கும். வேர்க்கடலை போடுவதை விட்டுவிட்டு நெல் மட்டும் வைத்திருக்கிறார். சொக்கம்மாள் சொன்னபடி தை பிறக்கும்வரை கறி தொடவில்லை. இப்போது பூஜாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரகடத்தில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருவாள். எல்லப்பனுக்குக் கண்ணில் புரை விழுந்து, அவனுடைய மருமகன் ஆடு அறுக்கிறான். தமிழ்ச்செல்வி பஹ்ரைனுக்குத் திரும்பிப் போகவில்லை.